நீர்க்காக முனையில் கண்ணாடிப்பனி

நீர்க்காக முனையில் லெயோலா துகேயைத் தெரியாதவர்கள் கிடையாது. கடற்கரைச் சாலையில் பள்ளிப் பேருந்து ஓட்டியே தலை நரைத்தவள். ஊரில் பாதிப் பேரை மூக்கு ஒழுகும் வயதில் ஏற்றி இறக்கியிருக்கிறாள். பல்பொருள் கடையில் அவள் குரல் கேட்டால், இன்றைக்கும் தாடி வைத்த ஆம்பிளைகள் சட்டென்று நிமிர்ந்து நிற்பார்கள். குள்ளமான உடம்பு, அகலமான தோள், எதையும் இரண்டு தடவை சொல்லிப் பழக்கமில்லாத வாய்.

அவளுக்கு ஊர் வைத்திருந்த பட்டப்பெயர் நோவா பொண்டாட்டி. பைபிளில் பிரளயம் வருமுன்பே பெட்டகம் கட்டி, உயிர்களை ஜோடி ஜோடியாக ஏற்றிக் காப்பாற்றினாரே, அந்த நோவா. அக்டோபரில் காட்டுவாத்துகள் தெற்கே பறக்கத் தொடங்கினால் போதும், லெயோலா பெட்டகம் கட்டத் தொடங்கிவிடுவாள் என்று ஊர் சிரிக்கும். விறகு வண்டி அவள் வீட்டுக்குத்தான் முதலில் போகும். கடையில் பேட்டரியும் விளக்குக்கான மண்ணெண்ணெயும் அவள் கைபட்ட பிறகுதான் மற்றவர்களுக்கு. சிரிப்பவர்களைப் பார்த்து அவளும் சிரிப்பாள். "சிரிங்க, சிரிங்க. கரண்ட் போனதும் எந்த வீட்டுக் கதவைத் தட்டணும்னு ஞாபகம் இருந்தா சரி," என்பாள்.

அவள் எப்போதும் இப்படி இருந்தவள் இல்லை. முதல் பெரிய கண்ணாடிப்பனி வந்தபோது அந்த வீட்டில் இருந்தது, மாதா கோயிலில் மந்திரித்துக் கொடுத்த ஒரு மெழுகுவர்த்தியும் பாதி டப்பா பிஸ்கட்டும்தான். அப்போது அவளும் கணவன் வால்மோனும் புதிதாகக் கட்டிய வீட்டுக்குக் குடிவந்திருந்தார்கள். சுவரோரம் மின்சார வெப்பப் பட்டைகள். விறகு அடுப்பு எதற்கு, கரியும் புகையும் என்று லெயோலாதான் வேண்டாம் என்றிருந்தாள்.

கண்ணாடிப்பனி மழை மாதிரிதான் வரும். விழுகிற இடத்தில் உறையும். கிளை, கம்பி, வேலி, கதவுப் பிடி எல்லாவற்றின் மேலும் கண்ணாடி வார்த்தது போலப் பூசிக்கொண்டு கனக்கும். கனம் தாங்காத கம்பங்கள் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வரிசையாகச் சாயும். அந்த வருஷம் தீபகற்பம் முழுக்க இருட்டு. இரண்டு நாள் பொறுத்தார்கள். மூன்றாம் நாள் வாயைத் திறந்தால் வீட்டுக்குள்ளேயே ஆவி பறந்தது. வால்மோன் கொல்லையில் கிடந்த, இறைச்சி வாட்டும் கரி அடுப்பைத் தூக்கிக்கொண்டுவந்து சமையலறை நடுவில் வைத்துப் பற்றவைத்தான். கதகதப்பாக இருந்தது. லெயோலாவுக்குத் தலை லேசாக வலித்தது. அப்புறம் தூக்கம் தூக்கமாக வந்தது. மேசை மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். வால்மோன் ஏதோ சொல்வது தொலைவில் கேட்டது. பதில் சொல்லச் சோம்பலாக இருந்தது.

அடுத்து அவள் நினைவில் இருப்பது ஜன்னல் உடையும் சத்தமும், வைகிற குரலும்தான். சாலையின் கடைக்கோடி வீட்டு அலீர், சிங்க இறால் பிடிக்கிற மனிதர், புகைபோட்ட ஹெரிங் மீன் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். தட்டியிருக்கிறார், பதில் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தவர் வேலிக் கட்டையைப் பிடுங்கிக் கண்ணாடியை உடைத்து உள்ளே இறங்கி, இரண்டு பேரையும் கழுத்துப்பட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்.

"அடக் கழுதைங்களா! சாகறதுக்கு வேற வழியே தெரியலையா? கரிப்புகைய வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டுத் தூங்கறீங்களே!"

பனியில் கிடந்து வாந்தி எடுத்துக்கொண்டே லெயோலா அதைக் கேட்டாள். அன்றைக்கே அவர்களைத் தம் வீட்டுக்குக் கூட்டிப்போனார் அலீர். அவர் மனைவி எத்மே விறகு அடுப்பருகே படுக்கை போட்டுக் கொடுத்தாள். கரண்ட் வரும்வரை அங்கேதான் சாப்பாடு, தூக்கம் எல்லாம். அந்த நாட்களில் எத்மே ஒரு தடவைகூட அந்தக் கரி அடுப்பைப் பற்றி வாயெடுக்கவில்லை. அதைத்தான் லெயோலா பிற்பாடு அடிக்கடி நினைத்துக்கொள்வாள்.

அதற்குப் பிறகு வால்மோனின் மூச்சு கெட்டது. அதற்கும் அந்தக் கரிப்புகைக்கும் சம்பந்தமில்லை. நண்டு ஆலையில் கொதிக்கிற தொட்டிகளுக்கு மேல் குனிந்து நின்றே வருஷங்களைக் கழித்தவன் அவன். அந்த ஆவி பலர் நெஞ்சைக் கெடுத்திருக்கிறது, எங்கள் பக்கத்தில் அதை நண்டு ஆஸ்துமா என்போம். அவனுக்கு அது முற்றிப்போய், மூக்கில் குழாயும் பக்கத்தில் முனகிக்கொண்டே ஓடுகிற ஆக்சிஜன் இயந்திரமுமாக வாழ்க்கை ஆகிவிட்டது. அந்த இயந்திரம் மின்சாரத்தில் ஓடுவது. கம்பி அறுந்தால் மூச்சு அறும் என்ற நிலை. லெயோலா பெட்டகம் கட்டத் தொடங்கியது அப்போதிலிருந்துதான்.

விறகு அடுப்பு வந்தது, வால்மோனின் நாற்காலி இருந்த பின்னறையிலிருந்து இரண்டு சுவர் தள்ளி. ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் தீப்பொறி ஆகாது. இயந்திரத்துக்கு மாற்றாக ஆக்சிஜன் அடைத்த உருளைகளும், உருளை தீர்ந்தால் ஜெனரேட்டரும். ஜெனரேட்டருக்கு வீட்டை விட்டுத் தள்ளி, எந்த ஜன்னலுக்கும் எதிரில் படாமல், ஒரு தகரக் கூரை போட்டாள். அந்த விஷயத்தில் மட்டும் அவள் யார் பேச்சையும் கேட்கமாட்டாள். மழை பெய்யுதே, கொஞ்சம் பக்கத்தில் இழுத்து வைக்கலாமே என்று யாராவது சொன்னால் முகம் மாறிவிடும்.

அப்படிப் பல வருஷம் போன பிறகு ஒரு ஜனவரியில் கடல் இன்னும் உறைந்திருக்கவில்லை. குளிரும் வெயிலுமாக மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தது. ரேடியோவில் கண்ணாடிப்பனி என்ற சொல்லைக் கேட்டதும் லெயோலா கையிலிருந்த காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். பள்ளிக்கு விடுமுறை அறிவித்துவிட்டார்கள்.

"ஆரம்பிச்சுட்டா," என்றான் வால்மோன் தன் நாற்காலியிலிருந்து.

"நீ மூச்சை விடறதை மட்டும் பாரு. மத்தது நான் பார்த்துக்கறேன்."

கிணற்று மோட்டார் ஓடும்போதே குளியல் தொட்டியை விளிம்புவரை நிரப்பினாள். வாளி, அண்டா, கெட்டில், பூச்சாடி என்று கைக்குக் கிடைத்ததில் எல்லாம் தண்ணீர். குடிக்கிற தண்ணீர் தனி, கழிப்பறைக்கு ஊற்றுவது தனி. விறகைக் கொல்லையிலிருந்து கூடத்துக்குச் சுமந்து அடுக்கினாள். நனைந்த விறகு உறைந்துவிட்டால் கோடரி வைத்துப் பிளந்தாலும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாது. மாடிக்குப் போகும் வாசலில் கனத்த கம்பளியை ஆணியடித்துத் தொங்கவிட்டாள், சூடு மேலே ஓடிப் போகாமலிருக்க. கார் டாங்கை நிரப்பிவந்தாள். படிகளில் அடுப்புச் சாம்பல் தூவினாள். கோழியும் உருளைக்கிழங்கும் காட்டு மூலிகையும் போட்டு ஃப்ரிகோ குழம்பு ஒரு பெரிய பானை கொதிக்கவைத்தாள், வெல்லப்பாகு ரொட்டி சுட்டாள். அடுப்பு வேலை நடக்கும்போதே கைபேசியில் பேச்சு.

"மிலேன், உன் மாமியார்க்காரி மருந்தெல்லாம் எடுத்து வச்சுட்டியா?"

மிலேன் இரண்டு வீடு தள்ளி இருப்பவள். சதுப்பு நிலப் பாசியை மூட்டை கட்டும் ஆலையில் வேலை. இரண்டு பெண் குழந்தைகள், படுத்த படுக்கையாகாத குறையாக ஒரு மாமியார். கணவன் வடக்கே சுரங்கத்தில். சின்ன வயதில் பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து கலாட்டா பண்ணியவள்.

"எடுத்து வச்சுட்டேன் அத்தை."

"உங்க வீட்டுல விறகடுப்பு இல்ல. கரண்ட் போன உடனே இங்க வந்துடணும். கொஞ்சம் பார்க்கலாம்னு உட்கார்ந்திருக்கக் கூடாது."

"சரிங்க டிரைவரம்மா. சீட்டு பெல்ட்டும் போட்டுக்கறேன்."

"வாயைப் பாரு. அன்னிக்கே பஸ்ஸுலேருந்து இறக்கி விட்டிருக்கணும் உன்னை."

எல்லாம் முடிந்தபோது வானம் வெளிறிப்போய்க் கிடந்தது. தூறல் இன்னும் தொடங்கவில்லை. லெயோலா கோட்டை மாட்டினாள்.

"அலீரைப் பார்க்கத்தானே?" என்றான் வால்மோன். "அந்த மனுஷன் வரவே போறதில்ல. வருஷாவருஷம் போற, வருஷாவருஷம் தனியாத் திரும்பி வர்ற."

"கேட்காம இருக்க முடியுமா? அரை மணி நேரம். உருளையைப் பக்கத்துல வச்சிருக்கேன், கரண்ட் போச்சுன்னா குழாயை மாத்திக்கோ. ஜெனரேட்டரை நான் வந்து கிளப்பறேன். நீ கயிறு இழுக்காத."

"உத்தரவு, கிழவி."

அலீருக்கு எண்பது தாண்டிவிட்டது. எத்மே காலமாகிச் சில வருஷங்கள். சாலை முடிகிற இடத்தில், கடலுக்கு நேர் மேலே இருந்த மேட்டு வீட்டில், ஒரு பூனையோடு தனியாக இருந்தார். அடுப்பும் விறகும் இருந்தாலும் வழுக்கி விழுந்தால் தூக்க ஆளில்லை. லெயோலா போய்ச் சேரும்போது தூறல் தொடங்கியிருந்தது. கார்க் கண்ணாடியில் விழுந்த துளிகள் வழியாமல் அப்படியே நின்றன.

"வந்துட்டாளா," என்றார் அலீர் கதவைத் திறந்து. "மழை வருதோ இல்லையோ, நீ வந்துடற."

"கோட்டு எங்க மாமா? கிளம்புங்க. இந்தத் தடவை பெரிசாம், ரேடியோல கேட்டீங்களா?"

"கேட்டேன். அந்த ரேடியோக்காரன் வருஷம் தவறாம என்னைக் கொல்லப் பார்க்கறான். நான்தான் சாகமாட்டேங்கறேன்."

"விளையாடாதீங்க. எங்க வீட்ல ஃப்ரிகோ பானை நிறைய இருக்கு."

"கொண்டு வந்திருந்தா தின்னிருப்பேனே."

"நீங்க வரணும்னுதான் கொண்டு வரல."

"என் அடுப்பு இங்க இருக்கு, என் கட்டில் இங்க இருக்கு, இந்தப் பூனையும் இங்கதான் இருக்கு. அடுத்தவங்க வீட்டு மூலையில போய்ப் பொட்டலம் மாதிரி உட்காரச் சொல்றியா? போம்மா, உன் புருஷனைப் பாரு."

அவள் விடவில்லை. கெஞ்சினாள், அதட்டினாள், எத்மே இருந்திருந்தால் என்று ஆரம்பித்தாள். எத்மேயை இழுக்காதே என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்படி வாக்குவாதம் நீண்டுகொண்டே போனதில் வெளியே பார்க்க மறந்துவிட்டாள். துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. ஓடிப்போய் வாசலில் நின்று பார்த்தாள். மேட்டுக்குக் கீழே சாலைக்குக் குறுக்கே கம்பம் ஒன்று படுத்துக் கிடந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த கம்பமும் மெதுவாக, களைத்தவன் உட்காருவது போல, சாய்ந்தது. கம்பிகள் சாலை முழுக்கச் சுருண்டு கிடந்தன. அதில் எது செத்தது, எது உயிரோடிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? உள்ளே அலீரின் குளிர்ப்பெட்டி ஒரு விக்கலோடு அடங்கியது.

அவள் காரைத் தொடக்கூட இல்லை. கைபேசியை எடுத்து அடித்தாள். வால்மோனின் குரல் ஒரு நொடி வந்தது, "இங்கயும் போச்சு கிழவி, நான் உருளைக்கு மாத்திக்..." அதோடு தொடர்பு அறுந்தது. பிறகு எத்தனை தடவை முயன்றும் கிடைக்கவில்லை.

லெயோலா நாற்காலியில் உட்கார்ந்தாள். ஊரில் எல்லார் வீட்டுக்கும் புத்தி சொன்னவள், தண்ணீரும் விறகும் விளக்குமாக ஒரு பெட்டகத்தையே கட்டி வைத்தவள், அந்தப் பெட்டகத்துக்கு வெளியே மாட்டிக்கொண்டிருந்தாள்.

"உருளை எதுவரைக்கும் தாங்கும்?" என்றார் அலீர். குரலில் கேலி போயிருந்தது.

"நாளைக் காலை வரைக்கும் வரும். அவன் பதறாம இருந்தா கொஞ்சம் கூடவும் வரும். அப்புறம் ஜெனரேட்டர்தான். கயிறு இழுத்துக் கிளப்பறது அவனால ஆகாது மாமா. மிலேன் வந்திருந்தாலும் அவ அதைத் தொட்டதே இல்ல. ரெண்டு இழுப்பு இழுத்தா மூச்சு நின்னுடும்."

அலீர் ஜன்னலுக்குப் போய்க் கடலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"சாலையில போக முடியாது. கம்பியை மிதிச்சா அங்கேயே கதை முடிஞ்சுடும். காட்டு வழியும் வேண்டாம், மரமெல்லாம் தலைமேல விழுது. கரையோரமாப் போகலாம். உப்புத் தண்ணி ஏறி இறங்கற மணல்ல இந்தக் கண்ணாடி ஒட்டாது. ஆனா இப்ப தண்ணி ஏறிட்டிருக்கு, பாறைக்கிட்ட நடக்க இடம் இருக்காது. காலைல வத்தும். வெளிச்சம் வந்ததும் கிளம்பலாம்."

"கிளம்பலாமா? நீங்களா?"

"நீ தனியாப் போயி நீர்க்காகப் பாறைக்கிட்ட எங்க திரும்பணும்னு முழிச்சுக்கிட்டு நிப்பியா?"

"கொஞ்சம் முன்னாடி வரமாட்டேன்னு அந்தக் குதி குதிச்சீங்களே!"

"அது எனக்காக வரச் சொன்னது," என்றார் அலீர். "இது வேற."

அன்று மாலை அவர் அவளைச் சும்மா உட்கார விடவில்லை. குழாய்களில் இருந்த தண்ணீரை வடிக்க வைத்தார், உறைந்து வெடிக்காமலிருக்க. சாம்பலை வாளியில் அள்ள வைத்தார். ஹெரிங் மீனையும் உருளைக்கிழங்கையும் அடுப்பில் சுட்டுத் தட்டில் வைத்து, தின்னு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார். லெயோலா ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு எப்போதோ கண்ணயர்ந்தாள்.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. அலீர் கூடத்து அலமாரியிலிருந்து இரண்டு ஜோடி ரப்பர் பூட்ஸ் எடுத்துவந்தார். அடியில் முழுக்கத் திருகாணிகள், கூர்முனை வெளியே தெரிய. உறைந்த கழிமுகத்தில் துளைபோட்டு ஸ்மெல்ட் மீன் பிடிக்கப் போகும்போது போடுவது.

"இது எத்மேயோடது. உனக்குச் சரியா இருக்கும். அவளும் உன்னை மாதிரி கட்டைதான்."

லெயோலா காலை உள்ளே விட்டாள். சரியாகத்தான் இருந்தது. அலீர் பூனையைத் தூக்கிக் கோட்டுக்குள் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார். அது கழுத்தருகே தலையை நீட்டி உலகத்தைச் சபித்தது.

மேட்டிலிருந்து கடற்கரைக்கு இறங்குவதுதான் கஷ்டம். புல், கல், மண் எல்லாம் கண்ணாடி. அலீர் சாம்பலைத் தூவித் தூவிப் பார்த்தார், பிறகு அலுத்துப்போய் இரண்டு மீன்பெட்டி மூடிகளை எடுத்து வந்து போட்டார்.

"உட்காரு."

"மாமா, என் வயசென்ன, உங்க வயசென்ன!"

"விழுந்து இடுப்பு ஒடியறதை விட உட்கார்ந்து போறது மேல். உட்காரு!"

அந்த நிலைமையிலும் லெயோலாவுக்குச் சிரிப்பு வந்தது. சரிவில் சறுக்கிப் போகையில் அலீர் கோட்டுக்குள்ளிருந்து பூனை போட்ட கூச்சல் நீர்க்காகங்களைப் பாறையிலிருந்து கிளப்பிவிட்டது.

கீழே, அவர் சொன்னபடியே, ஈர மணல் கறுப்பாகக் காலுக்குப் பிடிப்பாக இருந்தது. ஒரு பக்கம் சாம்பல்நிறக் கடல், இன்னொரு பக்கம் மேட்டின் மேல் உறைந்த காடு. பூர்ச்ச மரங்கள் தலை தரையைத் தொட வளைந்து கிடந்தன. அவ்வப்போது உள்ளே எங்கோ ஒரு கிளை முறியும், பிறகு கண்ணாடிப் பாத்திரக் கடை சரிந்தது போல நெடுநேரம் உதிரும். அலீர் முன்னால் நடந்தார். மெதுவாகத்தான் நடந்தார், ஆனால் நிற்கவில்லை. பாறை முனையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அலை பின்வாங்கும்வரை காத்திருந்து, "இப்ப!" என்று இழுத்துக்கொண்டு சுற்றினார். பேச்சு அதிகமில்லை. ஒரு இடத்தில் மட்டும் லெயோலா சொன்னாள்.

"மாமா, அன்னிக்குக் கரிப்புகையில கிடந்தோமே. உங்களுக்கு நான் வாய்விட்டு நன்றின்னு ஒரு வார்த்தை சொன்னதே இல்ல. வெக்கமா இருந்தது. அப்புறம் நாளாயிடுச்சு."

"வருஷாவருஷம் வந்து என் கதவை இடிச்சியே, அது வேற என்னவாம்?" என்றார் அவர் திரும்பாமலே. "பேசாம நட. மூச்சு வாங்குது எனக்கு."

தன் வீட்டுக்குப் பின்னால் கரை தாழ்கிற இடம் வந்ததும் லெயோலா நடையை எட்டிப் போட்டாள். உருளை தீர்ந்திருக்கும். அவன் பிடிவாதக்காரன், கயிற்றை இழுத்துப் பார்த்திருப்பான். காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கடல் இரைச்சல். அதற்கு மேலே, காற்று கொஞ்சம் திரும்பியபோது, கடகடவென்று ஒரு சத்தம். ஓட்டை டிராக்டர் மாதிரி, அழகே இல்லாத சத்தம்.

"ஜெனரேட்டர்," என்றாள். "மாமா, ஜெனரேட்டர் ஓடுது!"

அந்தத் திருகாணி பூட்ஸோடு அவள் ஓடினாள்.

புகைபோக்கியில் புகை. வாசலில் அவள் போட்டிருந்த சாம்பலுக்கு மேல் யாரோ புதிதாகச் சாம்பல் போட்டிருந்தார்கள். கதவைத் திறந்தால் செருப்பு வைக்க இடமில்லாமல் பூட்ஸ்கள். சமையலறையில் மிலேனின் மாமியார் மேசையருகே உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக் கிழத் தம்பதி அடுப்பருகே ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னறையில் மிலேனின் இரண்டு பெண்களும் தரையில் சீட்டைப் பரப்பி வைத்திருக்க, வால்மோன் நாற்காலியில் மூக்குக் குழாயோடு உட்கார்ந்து சின்னவளிடம் தோற்றுக்கொண்டிருந்தான்.

அவளைப் பார்த்ததும் சீட்டைக் கீழே வைத்தான். கண் கலங்கியிருந்தது. வாய் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

"அரை மணி நேரம்னு சொன்னே, கிழவி."

லெயோலா நேரே அவனிடம் போனாள். அவன் தலையைத் தன் ஈரக் கோட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இயந்திரம் பக்கத்தில் வழக்கம்போல முனகிக்கொண்டிருந்தது.

நடந்ததை மிலேன்தான் சொன்னாள். கரண்ட் போனதுமே, டிரைவரம்மா வைவாள் என்ற பயத்தில், மாமியாரைப் பிள்ளைகளின் சறுக்கு வண்டியில் உட்காரவைத்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். வந்து பார்த்தால் லெயோலாவைக் காணோம். வால்மோன் உருளையை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றும் கவலையில்லை, அவள் வந்துவிடுவாள் என்றே சொல்லிக்கொண்டிருந்தானாம். காலையில் மிலேன் அடுப்புக்கு விறகு போட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து வால்மோனைக் காணவில்லை. வெளியே ஓடினால், தகரக் கூரைக்கடியில் கயிறும் கையுமாகத் தரையில் உட்கார்ந்திருக்கிறான், உதடெல்லாம் நீலம்.

"தூக்கிட்டு வந்து உள்ள உட்கார வச்சு, தீரப்போற உருளையை மறுபடி மாட்டினேன். அவரு பேச முடியாம கையைக் கையைக் காட்டறாரு, எண்ணெய் வால்வைத் திற, இதைத் தள்ளு, இதை இழுன்னு. நான் போய் இழுக்கறேன், இழுக்கறேன், சனியன் இருமுது, கிளம்ப மாட்டேங்குது. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். பஸ்ஸுல கடைசி சீட்டைப் பார்த்து நீங்க கத்துவீங்களே அத்தை, அதே மாதிரி கத்தினேன். பயந்துபோய்க் கிளம்பிடுச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். லெயோலாவும் சிரித்துக்கொண்டே ஏதோ எடுக்கப் போவதுபோலச் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாவு மூட்டைக்கும் ஊறுகாய்ச் சீசாக்களுக்கும் நடுவில் நின்று நன்றாக அழுதாள். அவள் இல்லாமலே எல்லாம் நடந்திருந்தது. அவள் அடுக்கிய விறகை வேறு கைகள் எடுத்து எரித்திருந்தன, அவள் நிரப்பிய தண்ணீரை வேறு யாரோ மொண்டிருந்தார்கள். தான்தான் எல்லாரையும் காப்பாற்றப் போகிறவள் என்று அத்தனை வருஷமாக நெஞ்சுக்குள் தூக்கிச் சுமந்த பாரம் அந்த அறையில் எங்கோ இறங்கிவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, சும்மா வந்தோம் என்று தெரியாமலிருக்க ஒரு பீட்ரூட் சீசாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அலீர் அதற்குள் கூடத்தில் நின்று எதிர்வீட்டுக் கிழவருக்குச் சறுக்கி வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பூனை அடுப்பருகே இருந்த நல்ல நாற்காலியைப் பிடித்துவிட்டது.

"வந்துட்டீங்களா ஒரு வழியா," என்றான் வால்மோன் பின்னறையிலிருந்து. "இவ கூப்பிட்டு வந்தீங்களா?"

"இவளா? நான்தான்யா இவளைக் கொண்டுவந்து சேர்த்தேன்."

அன்றிலிருந்து கரண்ட் வரும்வரை அந்த வீடு சத்திரமாகத்தான் இருந்தது. அவரவர் வீட்டு உறைபெட்டியில் உருகத் தொடங்கியதெல்லாம் அவள் அடுப்புக்கு வந்தது. சிப்பி, சிங்க இறால், மூஸ் மான் இறைச்சி, கிறிஸ்துமஸில் மிஞ்சிய இறைச்சி அடை. விசேஷ வீட்டில்கூட அப்படிச் சாப்பிட்டதில்லை என்று மிலேனின் மாமியார் சொன்னாள். வால்மோனுக்குக் காது கேட்கிற தூரத்தில் எப்போதும் பேச்சு இருந்தது. நோய் வந்த பிறகு அவனை அத்தனை பேர் சுற்றி உட்கார்ந்து லெயோலா பார்த்ததில்லை. ஜெனரேட்டருக்கு எண்ணெய் ஊற்றுகிற வேலையை மிலேன் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. நோவா பொண்டாட்டி என்று யாரும் சொல்லவில்லை. ஒரு தடவை அலீர் மட்டும், பெட்டகத்துல பூனைக்கு ஜோடி எங்கே என்று கேட்டார்.

சாலையைச் சரிசெய்ய வேறு மாகாணத்திலிருந்து கம்பிக்காரர்கள் வந்தார்கள். எங்கள் மொழி அவர்களுக்குத் தெரியாது. லெயோலா வாசலில் நின்று கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்ட, அவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்து இரண்டு தட்டு ஃப்ரிகோ சாப்பிட்டார்கள். அதில் ஒருவன் எழுந்து போகும்போது அவள் கையைப் பிடித்து ஏதோ நீளமாகச் சொன்னான். அவளும் தன் மொழியில் நீளமாகவே பதில் சொன்னாள், உங்க வீட்டுல யாரு இருக்காங்க, இந்தக் குளிர்ல உன்னை அனுப்பிட்டு அவங்க எப்படித் தூங்கறாங்க என்று. இரண்டு பேருக்கும் புரிந்தமாதிரிதான் இருந்தது.

கரண்ட் ஒரு நடுப்பகலில், பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது வந்தது. குளிர்ப்பெட்டி உறுமியது, ரேடியோ தானாகப் பேசியது. குழந்தைகள் கைதட்டினார்கள். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், இனி கிளம்ப வேண்டியதுதானே என்று.

அலீரையும் பூனையையும் லெயோலா கடைசியாகக் கொண்டுபோய் விட்டாள். புதுக் கம்பங்கள் பச்சை மர வாசனையோடு சாலையோரம் நின்றன. அவள் கார் மேட்டில் இருந்த இடத்திலேயே கண்ணாடிக்குள் அகப்பட்டுக் கிடந்தது, அதனால் மிலேனின் வண்டியில் போனார்கள். வீட்டுக்குள் ஐஸ் வீடு மாதிரி குளிர். லெயோலா மண்டியிட்டு அடுப்பில் சுள்ளி அடுக்கிப் பற்றவைத்தாள். எத்மேயின் பூட்ஸைக் கழற்றித் துடைத்து அலமாரியில் வைக்கப் போனவளைப் பார்த்து அலீர் சொன்னார்:

"அதை எடுத்துட்டுப் போ. இங்க யாரு போடப் போறா?"

அவள் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டாள். "சரி மாமா," என்று பூட்ஸைக் கதவோரம் வைத்தாள்.

"தேத்தண்ணி போடவா? டப்பாப் பால்தான் இருக்கு."

"போடுங்க," என்று லெயோலா கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அடுப்பு பிடித்துக்கொண்டு சடசடத்தது. ஜன்னலுக்கு வெளியே, கூரை விளிம்பிலிருந்து பனிக்கட்டி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.